துண்டுக்குள் விரல், மரத்தடியில் ஏலம்

(இளையரசனேந்தலில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

எட்டயபுரம் ஆட்டுச்சந்தைக்குச் சனிக்கிழமை விடியுமுன்பே போய்விட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் பாதி ஆடு கைமாறியிருக்கும். அங்கே மட்டுமல்ல, தென்மாவட்டத்து மாட்டுத்தாவணி எதிலும் பழைய தரகர் ஒருவர் கண்ணில் படுவார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து விற்கிறவர் கைமேல் போடுவார். துண்டுக்குள் விரல்கள் பேசும். ஒரு விரலை அழுத்தினால் ஒரு தொகை, இரண்டு விரலைப் பிடித்தால் இன்னொரு தொகை. சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. வாங்குகிறவர் கையிலும் அதே துண்டு, அதே விரல். நடுவில் தரகருக்குக் கிடைத்தது எவ்வளவு என்பது அந்தத் துண்டுக்கே வெளிச்சம்.

கலை என்று பார்த்தால் இதை ரசிக்கலாம். ஆனால் உலகத்தில் ஒரு நகரம் இதற்கு நேர் எதிரான பிடிவாதத்தோடு சந்தை நடத்தியது. அளவு, நாணயம், சட்டம், வழக்கு, குத்தகை எல்லாமே சந்தையில் நிற்கிறவன் கண்ணில் பட வேண்டும் என்பது அதன் பிடிவாதம். அந்த நகரம் கிரேக்க நாட்டு ஏதென்ஸ். அந்தச் சந்தைவெளிக்குப் பெயர் அகோரா. (அகோரம் என்று படித்துவிட வேண்டாம்.)

அகோரா என்ற சொல்லுக்கு முதற்பொருள் கூடுதல், கூட்டம். கடை பிறகுதான் வந்தது. அந்த ஒரே சொல்லிலிருந்து கிரேக்கர்கள் இரண்டு வினைகளை உண்டாக்கிக்கொண்டார்கள். ஒன்றுக்குப் பொருள் வாங்குவது. மற்றொன்றுக்குச் சபையில் பேசுவது. பாரசீகப் பேரரசன் சைரஸ் இதைக் கேலி செய்தான் என்று வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். ஊருக்கு நடுவில் ஓரிடம் ஒதுக்கி, அங்கே கூடிச் சத்தியம் செய்து ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொள்ளும் ஆட்களுக்கு நான் பயப்படுவதா என்று கேட்டானாம். பாரசீகர்களிடம் சந்தைவெளியே கிடையாது என்பதையும் ஹெரொடோட்டஸ் அங்கேயே சேர்த்துச் சொல்கிறார்.

அக்ரோபொலிஸ் குன்றுக்கு வடமேற்கே, சரிவு முடிந்து தரை விரியும் இடம்தான் அகோரா. குறுக்கே அத்தீனா தேவியின் திருவிழா ஊர்வலம் போகும் பெரிய பாதை. நம் ஊர்த் தேர் வீதியும் கடைவீதியும் ஒன்றாகவே கிடப்பது போல. மேற்கு ஓரத்தில் 500 பேர் கொண்ட ஆட்சிக்குழு கூடும் மண்டபம். அதற்குத் தெற்கே தோலோஸ் என்ற வட்டக் கட்டடம். 500 பேரில் 50 பேர் மாற்றி மாற்றிப் பொறுப்பில் இருப்பார்கள். அந்த 50 பேரும் அரசுச் செலவில் சாப்பிடுவது இந்த வட்டக் கட்டடத்தில்தான். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் இரவிலும் அங்கேயே தங்க வேண்டும். நடுராத்திரி தூதுவன் ஓடிவந்தாலும் அரசாங்கத்தை எழுப்ப அவன் வேறெங்கும் போக வேண்டியதில்லை, சந்தைக்கு வந்தால் போதும்.

எதிரே ஒரு நீளப் பீடம். அதன்மேல் ஏதென்ஸ் குடிகளின் பத்துப் பிரிவுக்கும் பெயர் கொடுத்த பத்து வீரர்களின் சிலைகள். பீடத்தின் முகப்புதான் நகரத்தின் அறிவிப்புப் பலகை. புதிய சட்டம் ஒன்று வரப்போகிறதென்றால் அதன் வாசகம் முதலில் இங்கே ஏறும். போருக்குப் புறப்பட வேண்டியவர் யார் யார் என்பதும் இங்கேதான். கத்தரிக்காய் வாங்க வந்தவன் திரும்பிப் போகும்போது சட்ட மசோதாவையும் பார்த்துவிட்டுப் போவான். (கத்தரிக்காய் அந்தக் காலத்தில் அங்கே கிடையாது. அத்திப்பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

எல்லைக்கல் ஒன்று இன்னும் நட்ட இடத்திலேயே நிற்கிறது. இது அகோராவின் எல்லை என்று கல்லே தன் வாயால் சொல்வது போல எழுத்து வெட்டியிருக்கிறது. அதை ஒட்டி ஒரு சிறு வீட்டைத் தோண்டியபோது செருப்பில் அடிக்கும் இரும்பாணிகள் கிடைத்தன. சைமனுடையது என்று பெயர் கீறிய கிண்ணத்தின் அடிப்பாகமும் கிடைத்தது. சைமன் என்ற செருப்புத் தைப்பவரின் கடையில் உட்கார்ந்து சாக்ரட்டீஸ் பேசுவார், சைமன் அதைக் குறித்துவைப்பார் என்று பழைய நூல் சொல்கிறது. அந்தச் சைமன் இவர்தானா என்று உறுதி கூற முடியாது. தத்துவம் எந்த இடத்தில் பேசப்பட்டது என்பது மட்டும் தெளிவு. அதே சாக்ரட்டீஸ் கி.மு. 399இல் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லப் போய் நின்ற அரச மண்டபமும் இதே வெளியின் வடமேற்கு மூலையில்தான்.

இனி அளவுக்கு வருவோம். அகோராவில் தோண்டியெடுத்த வெண்கல எடைக்கற்களில் ஒரு தொகுதி கி.மு. 500ஐ ஒட்டியது. பெரிய கல் சுமார் 795 கிராம். அதன்மேல் தாயக்கட்டை போல உருட்டி விளையாடும் கணுக்கால் எலும்பின் உருவம். அதில் கால் பங்கு எடையுள்ள கல்லில் கேடயம். ஆறில் ஒரு பங்குக் கல்லில் ஆமை. எழுத்து அறியாதவனும் எது எந்தக் கல் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். மேலே ஏதென்ஸ் மக்களுக்குப் பொதுவானது என்ற முத்திரை. எடையையும் படியையும் சோதிக்கவென்றே பத்து அதிகாரிகள் இருந்தார்கள். ஐந்து பேர் ஊருக்குள், ஐந்து பேர் துறைமுகத்தில். சரக்கில் கலப்படம் பார்க்க இன்னும் பத்துப் பேர். தானிய விலைக்கும் மாவு விலைக்கும் ரொட்டி எடைக்கும் தனியே ஆட்கள். இவர்கள் எல்லாரும் திருவுளச்சீட்டில் வந்தவர்கள். ஓராண்டு கழிந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நாணயச் சோதகர் கதை இன்னும் ருசியானது. கி.மு. 375இல் இயற்றிய ஒரு சட்டம் கல்லில் வெட்டியபடியே 1970இல் அகோரா அகழாய்வில் கிடைத்தது. வட்டிக்கடை மேசைகளுக்கு நடுவே நாள்தோறும் ஒருவர் உட்கார வேண்டும். யாருக்காவது வெள்ளிக்காசின்மேல் சந்தேகம் வந்தால் அவரிடம் நீட்டலாம். நல்ல காசு என்று அவர் சொல்லிவிட்டால் கடைக்காரர் வாங்கித்தான் ஆக வேண்டும். மறுத்தால் அன்றைய சரக்கு பறிமுதல். உள்ளே செம்போ ஈயமோ வைத்து மேலே வெள்ளி பூசியிருந்தால், அங்கேயே அதைக் குறுக்கே வெட்டித் தெய்வங்களின் தாய்க்குக் காணிக்கையாகப் போட்டுவிடுவார். அந்தச் சோதகர் யார்? நகரத்துக்குச் சொந்தமான ஓர் அடிமை. ஒழுங்காக வந்து உட்காரவில்லையென்றால் அவருக்கு 50 கசையடி. காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்று ஒரே சொல்லை வைத்திருக்கும் நமக்கு அந்தச் சட்டம் தனியே விளங்க வேண்டியதில்லை. ஒரு நகரத்தின் நாணயத்தைக் காத்தவனுக்குத் தன் உடம்பே சொந்தமில்லை என்பதுதான் உறுத்துகிறது.

வாக்கும் இங்கேதான். அதிகாரம் மிஞ்சிப் போகிறவர் என்று தோன்றுகிறவரைப் பத்தாண்டு ஊரைவிட்டு அனுப்ப ஏதென்சில் ஒரு முறை உண்டு. உடைந்த பானை ஓட்டில் பெயரைக் கீறி அகோராவில் கொண்டுவந்து போட வேண்டும். சொல்லப்போனால் அது மெய்யாகவே ஓட்டு. கள்ள ஓட்டு? அதுவும் இருந்திருக்கிறது போல. அக்ரோபொலிஸ் வடசரிவில் ஒரு கிணற்றில் தெமிஸ்தோக்ளீஸ் என்ற தலைவரின் பெயர் எழுதிய 190 சில்லுகள் மொத்தமாகக் கிடைத்தன. கையெழுத்தைப் பார்த்தால் 14 பேர்தான் எழுதியிருக்கிறார்கள். எழுதி வைத்துக்கொண்டு விநியோகிக்கக் காத்திருந்த சரக்கு அது.

சிண்டிகேட்டும் அப்படியே. துறைமுகத்தில் இறங்கும், ஏறும் சரக்குக்கு ஏதென்சில் 2 சதவீத வரி. அதை வசூலிக்கும் உரிமையை ஆண்டுதோறும் ஏலம் விடுவார்கள். அக்யூரியஸ் என்ற பெரும்புள்ளி வெள்ளைப் பாப்லர் மரத்தடியில் ஆட்களைக் கூட்டினார். போட்டிக்கு யாரும் வராதபடி பங்கு பிரித்து 30 தாலந்துக்கு எடுத்துவிட்டார். அடுத்த ஆண்டும் அதே கூட்டு, அதே மரத்தடி. ஆண்டோசிடீஸ் என்பவர் ஆட்சிக்குழுவின் முன்னே போய் விலையை ஏற்றிக் கேட்டு 36 தாலந்துக்கு எடுத்தார். இந்தக் கதையை ஆண்டோசிடீசே தன்மேல் வந்த வழக்கில் சொன்னார் என்பதால் ஒருபக்கச் சாட்சியம்தான். ஆனாலும் ஊராட்சி ஏலம் எதையாவது பார்த்தவருக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. அங்கே மரத்தடியில் ஏலம் பேசினார்கள். நம் ஊரில் புளியமரமே ஏலத்துக்கு வருகிறது.

இந்தக் கலவை எல்லாருக்கும் பிடிக்கவில்லை. யூபூலஸ் என்ற நகைச்சுவை நாடகக்காரர் ஏதென்சில் எல்லாம் ஒரே இடத்தில் விற்கும் என்று ஒரு பட்டியல் போட்டார். அதில் அத்திப்பழத்துக்குப் பக்கத்தில் சம்மன் கொண்டுவருகிறவன், ஆப்பிளுக்குப் பக்கத்தில் சாட்சி. அரிஸ்டாட்டில் சிரிக்கவில்லை. நல்ல நகரத்துக்கு இரண்டு வெளி வேண்டும் என்றார். ஒன்று விற்பனைக்கு. மற்றது பெரியவர்கள் நடமாட. அதில் கைத்தொழிலாளியோ உழவரோ அதிகாரி கூப்பிட்டாலொழிய நுழையக் கூடாது. அரிஸ்டாட்டில் எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் இந்த இடத்தில் அவர் சொன்னது தவறு. அவர் கேட்ட இரண்டாவது வெளிக்கு நம் நாட்டில் எத்தனையோ பெயர் இருந்திருக்கிறது, அக்கிரகாரம் உட்பட.

தமிழ் நிலத்துக்கு வந்தால் முதலில் எதிர்ப்படுவது சொற்கள். மன்று என்பது மரத்தடிப் பொதுவெளி. அதிலிருந்து நீதிமன்றம், நகர்மன்றம், சட்டமன்றம் எல்லாம் கிளைத்தன. மன்றில் நின்று முறையிட்டதால் மன்றாடுதல். கல்வெட்டுகளில் மன்றாடி என்றால் இடையர். நந்தாவிளக்குக்கு நெய் அளக்க 96 ஆடுகளைப் பெற்றுக்கொண்ட மன்றாடிகள் சோழர் கல்வெட்டில் நிறைய வருகிறார்கள். எட்டயபுரத்தில் நிற்கும் கீதாரிக்கும் வழக்காடும் வக்கீலுக்கும் சொல்லளவில் உறவு உண்டு. ஆவணம் என்ற சொல்லைப் பாருங்கள். சங்க நூல்களில் அது கடைவீதி. பத்திரப் பதிவு அலுவலகத்தில் அது பத்திரம். சந்தி சிரிக்கிறது, அம்பலத்துக்கு வந்துவிட்டது என்று இன்றும் சொல்கிறோம். இரண்டும் நாலு பேர் கூடும் இடத்தின் பெயர்கள்.

மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் காட்டுகிறது. நீதி சொல்லும் அறங்கூறவையத்தையும் அதே தெரு உலாவில் வைத்துக் காட்டுகிறது. சிலப்பதிகாரத்து மதுரைக் கூலவீதியில் தராசு பிடித்தவர்களும் படி அளப்பவர்களும் திரிகிறார்கள். புகாரில் கடற்கரையோரம் மருவூர்ப்பாக்கம். வணிகரும் பரதவரும் யவனரும் அங்கே. உள்ளே அரசும் பெருங்குடிகளும் வாழும் பட்டினப்பாக்கம். இரண்டுக்கும் இடையே, மரங்களே தூண்களாக, நாளங்காடி. இரண்டு பாக்கத்து மக்களும் சேரும் ஒரே இடம் அதுதான். அகோராவிலும் கிமோன் என்ற தளபதி நிழலுக்கு மரங்கள் நட்டார் என்பார்கள். புகாரின் ஐந்து மன்றங்களில் வெள்ளிடை மன்றம் சரக்கு மூட்டைகள் திறந்தவெளியில் கிடக்கும் இடம். மூட்டைமேல் பெயரும் எடையும் பொறித்திருக்கும், காவல் இருக்காது. திருடியவன் தலையில் அந்த மூட்டையையே ஏற்றி ஊர் பார்க்கச் சுற்றவைப்பார்கள். காவியம் வரலாறல்ல. ஆனால் எதைக் காவியமாக்க வேண்டும் என்று ஒரு சமூகம் நினைத்தது என்பதும் ஒரு தகவல்தான்.

உத்திரமேரூர்க் குடவோலையை இந்த இடத்தில் இழுக்க வேண்டாம். அது நிலமுள்ள பிராமணர்களின் சபை. சந்தையோடு சேர்ந்த தன்னாட்சிக்கு வணிகரின் நகரம் என்ற அமைப்பைத்தான் பார்க்க வேண்டும். சிவகங்கைப் பக்கம் பிரான்மலையில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினரும் பல ஊர் வணிகரும் கூடி, உப்பு, நெல், பயறு, பாக்கு, மிளகு என்று சரக்குக்குச் சரக்கு கோவிலுக்கு இவ்வளவு என்று தங்களுக்குத் தாங்களே வரி போட்டுக்கொண்டார்கள். பல கோவில் சுவர்களில் நிலம் அளக்கும் கோலின் நீளத்தை வெட்டிவைத்திருப்பார்கள். கோலில் சந்தேகம் வந்தால் சுவரில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஏதென்சின் வெண்கலக் கல்லுக்கு இது அண்ணன் தம்பி.

இந்த வழியில் நமக்கு மிக அருகில் இருப்பது விருதுநகர். விருதுபட்டி என்று இருந்தபோதே கரிசல் காட்டுப் பருத்தியும் வத்தலும் அங்கே போகும். நாடார் வணிகர்கள் வண்டிப்பாதைகளில் பேட்டைகள் கட்டினார்கள். மாட்டுவண்டியைப் பத்திரமாக அவிழ்த்துப் போட மதில் சூழ்ந்த இடமும், தண்ணீருக்குக் கிணறும் உண்டு. வந்து தங்குகிறவர், சரக்கு விற்கிறவர் மூட்டைக்கு இவ்வளவு என்று கொடுத்ததுதான் மகமை. அதை உறவின்முறை என்ற சபை வைத்து நடத்தியது. அந்தக் காசில் 1889இல் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. வீட்டுக்கு வீடு பிடி அரிசி வசூலித்து அதை நடத்தினார்கள். தேங்காய் வியாபாரியின் மகன் ஒருவர் அந்தப் பள்ளியில் படித்தார். பெயர் காமராஜ். அவர் முதலமைச்சரானபின் என்ன செய்தார் என்பதை இங்கே சொல்லத் தேவையில்லை.

மகமை என்பது அரசாங்கம் போட்ட வரியல்ல. ஆனால் கொடுக்காமல் கடை நடத்தவும் முடியாது. கணக்கு சபையில் வைக்கப்பட வேண்டும். சந்தை ஊரின் மையமாவதற்குக் கடைகள் நிறைய இருந்தால் போதாது. லாபத்தில் ஒரு பங்கு எல்லார் கண்முன்னும் பொதுவுக்குத் திரும்ப வேண்டும். விருதுநகர்க் கடைவீதி அந்த நிலையை எட்டியது. அங்கிருந்து சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் கிடந்த தேசபந்து மைதானம் நடக்கிற தூரம்தான். 1956 ஜூலை 27இல் அவர் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கோரி விருதுநகரில் உண்ணாவிரதம் தொடங்கினார். இரண்டரை மாதம் கிடந்து அக்டோபர் 13இல் உயிர் விட்டார். அவரும் ஒரு காலத்தில் வியாபாரம் செய்தவர்தான். கடைவீதி அதற்கு முன்பும் பேசியிருக்கிறது. 1908 மார்ச்சில் வ.உ.சிதம்பரம் பிள்ளை கைதானபோது தூத்துக்குடியும் திருநெல்வேலியும் கடையடைத்தன. கூட்டம் போட்டுப் பேச முடியாத இடத்தில் இறக்கிய கதவே பேச்சானது.

இந்தப் பெருமையோடு நிறுத்திக்கொள்வது சுலபம். நாணயமாகாது.

உறவின்முறை ஒரு சாதியின் சபை. மகமையால் எழுந்த பேட்டைக்குள் ஊர் முழுவதும் சமமாக நுழைந்துவிடவில்லை. அந்தச் சாதியுமே தெருவில் நடப்பதற்குப் போராடியதுதான். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கழுகுமலையில் 1895இல் தேர்வீதியில் ஊர்வலம் போகலாமா என்ற சண்டையில் உயிர்கள் போயின. 1899இல் சிவகாசி எரிந்தது. இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: பொதுவெளி என்பது யாருக்குப் பொது?

ஏதென்சும் இந்தக் கேள்வியில் முழுத்தேர்ச்சி பெறவில்லை. வெளியூர்க்காரர் சந்தையில் கடை போடத் தனி வரி கட்ட வேண்டும். மனிதர்களையும் அங்கே ஏலம் விட்டார்கள். பெண்களுக்கு வாக்கு இல்லை. ஆனால் ரொட்டி, காய்கறி, நாடா, பூமாலை விற்றது பெண்கள்தான். நாடகாசிரியர் யூரிப்பிடீசின் தாய் கீரை விற்றவள் என்று நகைச்சுவை நாடகக்காரர் அரிஸ்டோஃபனீஸ் நாடகத்துக்கு நாடகம் கிண்டல் செய்தார். இதற்கு நடுவே ஒரு சட்டம் மட்டும் வியப்பூட்டுகிறது. யூக்ஸிதியஸ் என்பவரின் குடியுரிமை வழக்கில் அவர் தாய் சந்தையில் நாடா விற்றதை எதிராளிகள் இழுத்தார்கள். சந்தையில் தொழில் செய்வதைச் சொல்லி ஒரு குடிமகனையோ குடிமகளையோ இழிவுபடுத்துவது சட்டப்படி குற்றம் என்று அவர் அந்த மன்றத்திலேயே திருப்பிக் கேட்டார். கி.மு. நான்காம் நூற்றாண்டில் எழுந்த வாதம் இது. தொழிலைச் சொல்லித் திட்டும் வழக்கம் எந்தெந்த ஊர்ச் சந்தையில் இன்னும் உயிரோடிருக்கிறது என்பதை அவரவர் நினைத்துப் பார்க்கலாம்.

இன்றைய அகோரா நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கும் இடம். 1931இல் தோண்டத் தொடங்கியபோது மேலே இருந்த சுமார் 400 கட்டடங்களை இடித்தார்கள். பெர்கமம் அரசன் அத்தாலஸ் கட்டிக்கொடுத்த கடைமண்டபத்தை 1956இல் பழைய மாதிரியிலேயே மறுபடி எழுப்பி அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். கடை ஒன்றும் இல்லை, சட்டமும் அங்கே இல்லை.

இளையரசனேந்தல்காரர்களுக்குச் சந்தையும் அலுவலகமும் பிரிந்துபோனால் என்ன ஆகும் என்று பாடம் எடுக்க வேண்டியதில்லை. சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்த இந்தக் குறுவட்டம் வருவாய்த் துறைக்காகக் கோவில்பட்டி வட்டத்தில் சேர்ந்தது. இதன் 12 ஊராட்சிகள் மட்டும் குருவிகுளம் ஒன்றியத்திலேயே நின்றன. 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிறந்தபோது பட்டாவுக்குத் தூத்துக்குடி மாவட்டம், ஊராட்சிக்குத் தென்காசி மாவட்டம் என்று ஆனது. உளுந்து விற்கவும் கடலைமிட்டாய் வாங்கவும் பஸ் ஏறுவது கோவில்பட்டிக்கு. கோரிக்கை மனுவோடு போவது வேறு திசைக்கு. ஒரே ஒன்றியமாகக் கோவில்பட்டியோடு சேருங்கள் என்று மக்கள் மறியலும் மனுவுமாகக் கேட்டது, ஒரு வகையில், வாங்கும் இடத்திலேயே பேசவும் வேண்டும் என்ற பழைய கோரிக்கைதான்.

எல்லைக் கோடு மாறும் வரை காத்திருக்க வேண்டாத காரியம் ஒன்று உண்டு. கண்மாய் மீன்பாசி, புளியமர மகசூல், சந்தைச் சுங்கம் என்று ஊராட்சிகள் ஏலம் விடுகின்றன. அறிவிப்பு ஒட்டுவார்கள், ஏலம் கேட்கிறவர்கள் மட்டும் வருவார்கள், துண்டுக்குள் விரல் பேசிமுடித்திருக்கும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. வரவு செலவு அங்கே வாசிக்கப்பட வேண்டும். அடுத்த ஏலத்துக்கு, எதையும் ஏலம் எடுக்கப் போகாத பத்துப் பேர் போய்ச் சும்மா நில்லுங்கள். அடுத்த கிராம சபையில், அந்த ஏலத் தொகை கணக்கில் எந்த வரியில் வந்திருக்கிறது என்று எழுந்து கேளுங்கள்.